கத்தி இல்லாத சிகிச்சை

குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி எண்ணெய்க் கையால் அதன் மூக்கை நீவிவிடுவதைப் பார்க்காதவர் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மூக்கு எடுப்பாக வரவேண்டுமாம். வந்ததா என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பிறந்த மேனியை அப்படியே விட்டுவிட மனசு வராத இந்த ஆசைக்கு இப்போது அமெரிக்காவில் மின்சாரம் துணைக்கு வந்திருக்கிறது.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் பகுதியைச் சேர்ந்த டாக்டர் பிரையன் வாங்கும், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆக்சிடென்டல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் மைக்கேல் ஹில்லும் சேர்ந்து செய்த வேலை இது. காது விறைத்து நிற்பதன் காரணம் வேடிக்கையானது. குருத்தெலும்பிலுள்ள புரதங்களில் எதிர்மின்னும், அவற்றினிடையே உலவும் சோடியம் அயனிகளில் நேர்மின்னும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மெல்லிய ஊசிகள் வழியே கொஞ்சம் மின்சாரத்தைச் செலுத்தினால், அங்குள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன. அவை புரதத்தின் எதிர்மின்னைச் சரிக்கட்டிவிடப் பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் ஓர் அச்சில் வைத்து வளைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டால், புது வடிவம் நிலைத்துவிடுகிறது. இந்த முறையில் ஒரு முயலின் நிமிர்ந்த காதை வளைத்துவிட்டதாக 2019 ஏப்ரலில் அமெரிக்க ரசாயனச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார்கள். வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை. (முயலுக்கு அந்தக் காதைப் பற்றி ஒரு குறையும் இருந்திருக்காது!)

இன்னும் இது ஆராய்ச்சிசாலைக் காரியம்தான். ஆனாலும் நாளை மனிதர்களுக்கும் வரும் என்றே வைத்துக்கொள்வோம்.

1896-இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற டாக்டர் ஒரு பையனின் விடைத்த காதுகளை அறுத்துச் சரிசெய்தார். மற்றப் பிள்ளைகளின் கேலி தாங்காமல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றவன் அவன். காது நன்றாகவே அமைந்தது. ஆனால் டாக்டருக்கு உத்தியோகம் போயிற்று. அழகுக்காகக் கத்தி எடுப்பதாவது என்பது மேலதிகாரியின் எண்ணம். மனத்தின் நோவும் நோவுதான் என்பது ஜோசப்பின் கட்சி. நான் ஜோசப்பின் பக்கம்தான். ஆனாலும் அந்த மேலதிகாரியின் தயக்கத்தை என்னால் வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியவில்லை.

கத்தியின்மேல் எனக்குப் பிரியம் கிடையாது. ஆனால் அது வீட்டில் எல்லோரையும் ஒரு தரம் யோசிக்க வைத்தது. “இதற்குப் போய் அறுப்பானேன், பாவம்!” என்று சொல்ல ஓர் அத்தைக்கு இடமிருந்தது. அந்த வார்த்தையின் மறைவில் ஒரு பெண் தன் சப்பை மூக்கோடு நிம்மதியாக வாழ்ந்துவிட முடிந்தது. ரத்தம் இல்லை, சில நிமிஷ வேலை என்றான பிறகு அதே அத்தை என்ன சொல்வாள்? “இத்தனை சுலபமாக இருக்கும்போது உனக்கு என்னடி பிடிவாதம்?” என்பாள். பெண் பார்க்க வருகிறவர்கள் வாய்விட்டே கேட்பார்கள். இதுவரை காரணம் சொல்ல வேண்டியவள் செய்துகொள்கிறவள். இனிமேல் செய்துகொள்ளாதவள் அல்லவா காரணம் சொல்லவேண்டும்?

வளர்ந்தவர்கள் தங்கள் மூக்கை என்ன செய்துகொண்டாலும் அது அவர்கள் பாடு. என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. ஐந்தாறு வயதில் காது ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடுகிறது. அதனால் காதைத் திருத்தும் சிகிச்சையை அந்த வயதிலேயே செய்வதும் உண்டு. அந்த வயதுப் பிள்ளை “வேண்டும்” என்றால் அது அவன் குரலா, அம்மாவின் குரலா, வகுப்பில் பின்னாலிருந்து காதைச் சுண்டுகிறவனின் குரலா? கத்தி என்றால் நல்ல டாக்டர் ஒருவர், “இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்” என்று திருப்பி அனுப்புவார். சுண்டுகிறவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க அந்த இரண்டு வருஷம் வாத்தியாருக்கு அவகாசம். ஊசியும் அச்சும் வந்தபின் அந்த அவகாசத்தை யார் கொடுப்பார்கள்?

இதே இரட்டையர் 2025 ஆகஸ்டில் இன்னொன்றும் சொன்னார்கள். பிளாட்டினத்தாலான ஒரு வில்லையை முயலின் கண்ணில் பொருத்தி, ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் கருவிழிப் படலத்தின் வளைவை மாற்றிவிட்டார்களாம். உடலிலிருந்து எடுத்த கண்களில் செய்த சோதனை அது. கிட்டப்பார்வையைத் திருத்த உதவக்கூடும் என்கிறார்கள். அது பலித்தால் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லப்போகிறவன் அந்தப் பையனேதான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.