துளையிட்ட எக்காளம்

உடப்புத் திரௌபதையம்மன் ஆலயத் தீமிதிப்பு விழா பாரதக் கதையோடு பிணைந்தது. அக்கதையில் போர் தொடங்குமுன் கண்ணன் பாஞ்சசன்னியத்தையும், அருச்சுனன் தேவதத்தத்தையும், வீமன் பௌண்டிரத்தையும் ஊதுகின்றனர். சங்கிலே விரல் வைக்கும் துளையில்லை. மூச்சும் உதடுமே ஒலியை ஆள்கின்றன. நம் கொம்பும் எக்காளமும், மேனாட்டாரின் இயற்கை எக்காளமும் இவ்வினத்தனவே.

ஜெர்மனியின் நூரெம்பேர்க் நகரம் 17ஆம் நூற்றாண்டில் எக்காளத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. அங்குள்ள கைவினைஞர் பித்தளைத் தகட்டை வெட்டி, இரும்புக் கோலின்மேல் வளைத்து, விளிம்புகளைக் கரியுலையிற் பற்றவைத்துக் குழாயாக்கினர். தட்டத் தட்ட உலோகம் இறுகும். மீண்டும் காய்ச்சினால் இளகும். இம்முறையை ஆராய்ந்து றொபேட் பார்க்ளே எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது. ஹன்ஸ் ஹைன்லைன் 1632இற் செய்த எக்காளத்தை மாதிரியாகக் கொண்டு, அவரும் பிறரும் பயிற்சிப் பட்டறைகளில் இக்கலையைக் கற்பித்துள்ளனர்.

இத்தகைய கருவியில் இயல்பாகவே ஒரு குறையுண்டு. அடிச்சுரத்தின் 11ஆம், 13ஆம் மடங்குகளாக எழும் சுரங்கள் மேனாட்டுச் சுரவரிசையோடு ஒத்துவருவதில்லை. முற்காலக் கலைஞர் அவற்றை உதட்டின் பயிற்சியாலே திருத்தினர். 1960ஆம் ஆண்டளவில் ஒற்றோ ஸ்ரைன்கொப் குழாயிலே சிறு துளைகளை அமைத்து அக்குறையை நீக்கினார். இன்று பாஹ்கின் இசையை வாசிப்போர் பலர் துளையிட்ட கருவிகளையே கையாளுகின்றனர்.

இங்கே ஓர் அறவினா எழுகின்றது. குறையைக் கருவியில் நீக்குவதா, நம்மிடத்தில் நீக்குவதா? துளையிடுதல் குற்றமென்று எளிதிற் கூறிவிட முடியாது. பிழையற்ற இசையைக் கேட்போர் எதிர்பார்க்கின்றனர். ஒரு சுரம் தவறினால் கலைஞரின் பிழைப்பும் தளரக்கூடும். கருவியைத் திருத்துவதும் மனித அறிவின் பேறே. ஆயின், துளையிட்ட எக்காளத்தை முன்னோரின் கருவி இதுவேயென்று கூறி அவைமுன் வைக்குமிடத்து, வசதி பொய்யாகின்றது. கேட்போர் ஏமாறுகின்றனர், பல்லாண்டு உதட்டைப் பழக்கியவரின் உழைப்பும் மதிப்பிழக்கின்றது.

இவ்வினா நமக்கும் உரியதே. பல கோயில்களில் மின்விசைப் பொறி மணியையும் முரசையும் ஒலிக்கின்றது. ஆளில்லாக் குறையை அது நிரப்பலாம். ஆயினும் அதனை வாத்தியச் சேவையென்று அழைத்தல் தகுமா? தீமிதிப்பில் அடியவர் தம் காலாலேயே தணலைக் கடக்கின்றனர். கருவியின் துணையை நாடுவது இழுக்கன்று; அத்துணையை மறைத்து, முழு உழைப்பையும் நமதென்று உரிமை கொண்டாடுவதே இழுக்காகும்.