யாரைக் கேட்டு இந்த வரிச்சலுகை?

2018 ஜூனில் கேரள அரசு தோட்ட வரியை அடியோடு நீக்குவதாகவும், தோட்டங்களிடம் வேளாண் வருமான வரி வசூலிப்பதை நிறுத்திவைப்பதாகவும் அறிவித்தது. தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 விழுக்காடு வேளாண் வருமானமாகக் கொள்ளப்படுகிறது. அதன்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு மட்டுமே உண்டு, மீதி 40 விழுக்காடுதான் மத்திய அரசின் வரிக்கு உட்பட்டது. ஆகவே மாநிலம் விட்டுக்கொடுத்தது சில்லறைக் காசு அல்ல. இந்த முடிவுக்கு வழிகாட்டியது நீதிபதி கிருஷ்ணன் நாயர் ஆணையத்தின் அறிக்கை. ஆணையத்தை 2015இல் அமைத்தது ஐக்கிய ஜனநாயக முன்னணி, சலுகையைக் கொடுத்தது இடது ஜனநாயக முன்னணி. முதலாளிகளுக்கு யார் நண்பர் என்று மேடைதோறும் மோதிக்கொள்ளும் இரு அணிகளும் இங்கே ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன. எனவே எந்த அணி நல்லது என்பதல்ல இங்கே அறத்தின் கேள்வி. வசூலிக்காமல் விட்ட வரியும் பொதுப்பணம்தான். மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர்களின் பிழைப்பைக் காட்டி அதை விடும்போது, அவர்களை யார் கேட்டார்கள்?

சலுகை இல்லையென்றால் தோட்டமே மூடப்படும் என்ற வாதம் கனமானது. பீர்மேட்டில் 2000இல் கைவிடப்பட்ட எஸ்டேட்டுகளில் தொழிலாளர்கள் பட்ட பாட்டை அறிந்தவர் யாரும் அதை எளிதில் ஒதுக்கமாட்டார். ஆனால் இந்த வாதம் சலுகைக்குத்தான் நியாயம் சொல்கிறது, நிபந்தனையில்லாத சலுகைக்கு அல்ல. தொழிலாளர்களுக்கு வீடு தருவது, சலுகை தந்தபோது நடப்பிலிருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தோட்ட உரிமையாளரின் கடமையாக இருந்தது. லயங்களுக்கான கட்டிட வரியையும் விட்டுக்கொடுத்த அரசு, ஒழுகும் கூரைகள் எத்தனை மாற்றப்பட்டன என்ற கணக்கைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா?

அவர்களுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார், தொழிற்சங்கங்கள் இருக்கின்றன என்பது அடுத்த பதில். அதற்கு மறுமொழியை 2015 செப்டம்பரில் மூணாறு பெண்களே சொல்லிவிட்டார்கள். 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்த பொம்பிளை ஒருமை என்ற அவர்களது அமைப்பு, கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் பெயரில் பேசிவந்த சங்கத் தலைவர்களையும் எதிர்த்தது. 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் கிடைத்தன. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், 301 ரூபாயில் முடிந்தது. கூலியை நிர்ணயிக்கும் குழுவில் அரசு, முதலாளி, சங்கம் என்று மூன்று தரப்புக்கும் நாற்காலி உண்டு. கொழுந்து கிள்ளுகிற பெண் அங்கே நான்காவது ஆள்.

கம்பெனிக்கு ஓட்டு இல்லையே, அதன்மீது வரி போடுவது மட்டும் நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டு இல்லைதான், குரல் தாராளமாக இருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்களின் உபாசி அமைப்பு 1893இலிருந்து இயங்குகிறது. கட்சிகளுக்குக் கம்பெனிகள் தரும் நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காடு வரம்பு 2017இல் எடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தலையிட்டுத் தேர்தல் பத்திரங்களோடு அந்த நீக்கத்தையும் ரத்து செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் இடது ஜனநாயக முன்னணியை வழிநடத்தும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பணத்தின் குரலை டெல்லியில் எதிர்த்த கட்சி, லயத்தின் குரலை மூணாற்றில் கேட்டிருக்கலாம் என்பதே ஆதங்கம்.

தொழிலாளர்களைக் கேட்டால் பொறுப்பில்லாமல் முடிவெடுப்பார்கள் என்ற அச்சத்துக்குப் பாலக்காட்டின் பிளாச்சிமடை பதில். அங்கே கோக்கோ கோலா ஆலையால் வருமானம் பெற்ற பெருமாட்டி பஞ்சாயத்துதான் 2003இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்களின் கிணற்று நீர் கெட்டதை அருகிருந்து பார்த்த மன்றம் அது. வருமானத்தையும் தண்ணீரையும் எடைபோட்டு, வருமானத்தை விட்டது. அந்தத் தகுதி தோட்டத்து வார்டுகளின் கிராம சபைக்கும் உண்டு. ஒவ்வொரு எஸ்டேட்டும் பெற்ற வரிச்சலுகை எவ்வளவு, அதில் லயங்களுக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் அந்தச் சபையில் தமிழிலும் வைக்க வேண்டும். சபை ஏற்காத கணக்குக்கு அடுத்த ஆண்டு சலுகை நீளக் கூடாது.