புகை போனது, ஆசை போனதா?

மீமிசல் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். மலேசியாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தங்கையின் கணவர் ஓடி வந்து கையைப் பற்றிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சிகரெட் குடித்தவர் அவர்.

"மச்சான், சிகரெட்டை விட்டு எட்டு மாதமாகிறது, அல்ஹம்துலில்லாஹ்!"

மகிழ்ச்சியோடு அவரைக் கட்டியணைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவர் பையைத் திறந்து ஒரு சிறு கருவியை மேசைமேல் வைத்தார். கூடவே இரண்டு கண்ணாடித் தொட்டிகள், ஒரு பெட்டி நிறையக் கம்பிச்சுருள்கள், மாம்பழ வாசனையுள்ள திரவக் குப்பிகள்.

"இதை வைத்துத்தான் விட்டேன். இது கூடுமா, கூடாதா?"

'வேப்' என்று இன்று பிள்ளைகள் சொல்லும் மின்சிகரெட்தான் அது. 2003-ல் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் இன்றைய வடிவத்துக்கு அடிகோலினார். அதில் புகையிலை எரிவதில்லை. தொட்டியிலுள்ள திரவத்தைப் பஞ்சு உறிஞ்சுகிறது. மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள் அதை ஆவியாக்குகிறது. மனிதன் அந்த ஆவியை இழுக்கிறான். திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் கலந்திருக்கும். சிகரெட்டுக்கு மனிதனை அடிமையாக்குவதும் இதே நிகோடின்தான்!

"கூடாது, தூக்கிப் போடுங்கள்" என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் நின்றிருந்த தங்கை முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க சொல்றதைக் கேட்டு இவங்க இதைத் தூக்கிப் போட்டுட்டு, மறுபடி சிகரெட்டுக்குப் போயிட்டாங்கன்னா, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நியாயத்தை மறைக்கக் கூடாது. சிகரெட்டால் வரும் நோய்களுக்குப் பெருங்காரணம் எரியும் புகையிலையின் தாரும் பிற நச்சுகளும். எரிவதை நிறுத்தியவர் அந்தத் தீங்கில் பெரும்பகுதியிலிருந்து தப்பிக்கிறார். இங்கிலாந்தில் சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு மருத்துவத் துறையே இதை ஒரு வழியாகச் சொல்கிறது. இரு தீங்குகளில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாதபோது இலேசானதை ஏற்கலாம் என்று நம் ஃபிக்ஹுச் சட்டமும் சொல்கிறது அல்லவா?

ஆனால் அதே சட்டத்துக்கு மறுபாதியும் உண்டு. நிர்ப்பந்தத்துக்காகக் கிடைத்த சலுகை, நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிட வேண்டும். பசியால் சாகக் கிடப்பவனுக்கு விலக்கப்பட்ட இறைச்சியில் அனுமதி உண்டு. அதில் மசாலா சேர்த்து விருந்து வைக்க அனுமதி இல்லை!

என் மாப்பிள்ளை தம் கருவியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இந்த மறுபாதிதான் என் நெஞ்சில் உறுத்தியது. தொடக்கத்தில் அவர் வைத்திருந்தது சிறிய தொட்டி. ஒரு ஓமுக்கு மேற்பட்ட கம்பிச்சுருள். கொஞ்சம்தான் ஆவி வரும். இப்போது வைத்திருப்பதோ பெரிய தொட்டி. ஓமில் கால் பங்குகூட இல்லாத சுருள். மேகம் போல ஆவி. "இதில்தான் ருசி நன்றாக வருகிறது. நிகோடினையும் குறைத்துவிட்டேன் மச்சான். அப்போது மில்லிக்கு 12 மில்லிகிராம், இப்போது 3 தான்" என்றார்.

"நாளைக்கு எத்தனை மில்லி இழுக்கிறீர்கள்?"

"அப்போது இரண்டு. இப்போது பத்து இருக்கும்."

கணக்குப் போட்டோம். அன்று 24 மில்லிகிராம், இன்று 30! குப்பியின் மேல் எழுதிய எண் குறைந்தது. நஃப்ஸு தன் பங்கை வட்டியோடு வாங்கிக்கொண்டது. அவர் வெகுநேரம் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய சின்ன மகன் ஓடி வந்து, "அத்தா, மாம்பழ வாசனை! எனக்கும்!" என்று கை நீட்டினான். சிகரெட் நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பிள்ளை! அந்தத் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதைத் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. தமிழக அரசு 2018-லும், இந்திய அரசு 2019-லும் மின்சிகரெட்டைத் தடை செய்தன. விற்றாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2015 டிசம்பரிலேயே ஹராம் என்று தீர்ப்பளித்தது. வாழும் நாட்டின் சட்டம் நாம் கொடுத்த வாக்குறுதி. அதை மீறுவதும் ஒரு குற்றமே. திருட்டுத்தனமாக விற்கப்படும் குப்பியில் என்ன கலந்திருக்கிறதென்று யார் அறிவார்? 2019-ல் அமெரிக்காவில் கலப்படத் திரவத்தால் நுரையீரல் கெட்டு, அடுத்த பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சா எண்ணெயில் வைட்டமின் ஈ அசிடேட் கலந்த திரவம்.

"மதுவும் படிப்படியாகத்தானே ஹராமாக்கப்பட்டது?" என்று மாப்பிள்ளை கேட்டார். உண்மைதான். ஆனால் அந்தப் படிகளுக்கு ஒரு கடைசிப் படி இருந்தது. அது வந்த அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. நம்முடைய படிக்குக் கடைசி உண்டா என்பதே கேள்வி. மருந்து சாப்பிடுகிறவன், "இது என்றைக்கு முடியும்?" என்று கேட்கிறான். அடுத்து எந்தத் தொட்டி, எந்தச் சுருள் என்று தேடத் தொடங்கியவனுக்கு அது மருந்தாக இருப்பதில்லை.

என் தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இவர் சிகரெட்டுக்குத் திரும்பவும் வேண்டாம், இதிலேயே தங்கிவிடவும் வேண்டாம்." நோன்பு மாதத்தில் பதின்மூன்று மணி நேரம் பொறுக்கிற மனிதர் அவர். சஹரிலிருந்து மஃரிப் வரை அடங்குகிற நஃப்ஸு மஃரிபுக்குப் பின் அடங்காதா? மருத்துவரைக் கேட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கத்தை அளவோடு மென்று, நாள் குறித்துக் குறைக்கலாம். 1800 11 2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும்.

பிரிக்காத சுருள்களையும் பெரிய தொட்டியையும் அன்றிரவே அவர் உடைத்துப் போட்டார். மற்றதை விட ரமலானின் முதல் பிறையை நாளாகக் குறித்திருக்கிறார். வெல்வாரா, நான் அறியேன். ஆனால் எட்டு மாதங்களில் முதன்முறையாக அவருடைய நிய்யத்துக்கு ஒரு முடிவு நாள் கிடைத்திருக்கிறது.

அவருக்கும், அவரைப் போல் போராடும் ஒவ்வொரு சகோதரருக்கும் வல்ல அல்லாஹ் மனவலிமையை வழங்குவானாக! ஆமீன்.