பயந்த தாய் தைரியம் சொல்லலாமா?



கூவம் வளைந்தோடும் நம் சிந்தாதிரிப்பேட்டையில், மழைக்காலம் வந்தால் வானத்தை அண்ணாந்து பார்க்காத வீடு இல்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் நாட்களில் சென்னை வெள்ளக்காடானபோது கூவமும் கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வெளியேறியவள் தாய். அதற்குப் பிறகு பிறந்தவன் மகன், வயது எட்டு. வெள்ளத்தை அவன் கண்டதே இல்லை. ஆயினும் வானம் இருண்டால் அவனுக்கு வயிற்றை வலிக்கிறது. “அம்மா, தண்ணி வருமா?” என்று பத்துத் தடவை கேட்கிறான். “வராதுடா கண்ணு” என்று பத்துத் தடவையும் தாய் சொல்லுகிறாள். சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்க்கிறாள். பிள்ளையோ அவள் முகத்தைப் பார்க்கிறான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இரவில் தாயை ஒட்டிப் படுத்தால்தான் தூக்கம்.

இந்தத் தாய் குற்றவாளியா? அல்லவே அல்ல. அச்ச சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது; ஓரளவு பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது. அவளும் அதை வேண்டிப் பெறவில்லை. விசுவாசக் குறைவு என்று அவளைக் கடிந்துகொள்பவர்கள், நமது ஆண்டவரே பூங்காவனத்தில் அவஸ்தைப்பட்டதையும், தம்முடன் விழித்திருக்கும்படி மூன்று சீஷர்களைக் கேட்டதையும் யோசிப்பார்களாக.

ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஒழுகும் கூரையுள்ள வீட்டை முன்னோரிடமிருந்து பெற்றவன் அந்த ஒழுக்கலுக்குக் குற்றவாளி அல்ல. எனினும் ஓட்டை மாற்ற வேண்டியவன் அவன்தான்.

நிற்க. “முதலில் பிள்ளைக்கு வைத்தியம் ஆகட்டும், என் பயம் கிடக்கட்டும்” என்று அநேக தாய்மார் சொல்லுகிறார்கள். இது தியாகம் போலத் தோன்றும். ஆனால் 1998-ல் ஆஸ்திரேலிய மனோதத்துவ நிபுணர் மூவர் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள 67 பிள்ளைகளின் பயத்துக்குச் சிகிச்சை அளித்தார்கள். பெற்றோருக்கு மிகுந்த பயம் இல்லாத வீடுகளில், பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை தந்தபோது 100-க்கு 82 பேர் தேறினார்கள். பெற்றோரும் பயந்த வீடுகளில் 39 பேரே தேறினார்கள். அத்தகைய பெற்றோருக்கும் தங்கள் பயத்தை ஆளக் கற்பித்தபோதோ, தேறியவர்கள் 77 பேர்! சிறிய ஆய்வுதான், பின்வந்த ஆய்வுகள் யாவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஆயினும் தாய் தன் பயத்துக்கு உதவி தேடுவது சுயநலமல்ல, பிள்ளைக்குச் செய்யும் கடமையே என்று இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையார் 2020-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 124 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு நேரடிச் சிகிச்சை. மறு பாதியில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்தப் பயிற்சியின் சாரம் எளியது. பிள்ளையின் பயத்துக்காக வீட்டின் நடைமுறையை மாற்றிக்கொண்டே போவதைச் சிறிது சிறிதாக நிறுத்துவது, அதே சமயம், “உனக்குப் பயமாயிருக்கிறது, எனக்குத் தெரியும், உன்னால் தாங்க முடியும், அதுவும் எனக்குத் தெரியும்” என்று சொல்லுவது.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? தூறல் விழும்போது ஜன்னலைத் திறந்து இருவரும் சற்று நேரம் நில்லுங்கள். இன்னொரு நாள் வாசற்படிக்கு வாருங்கள். பின்னொரு நாள் குடை பிடித்துக் கடைத்தெரு வரை போய் வாருங்கள். “அம்மாவுக்கும் கொஞ்சம் பயந்தான், நானும் பழகிக்கொள்ளுகிறேன்” என்று தாய் சொன்னால் அதில் அவமானம் இல்லை. பயமில்லாதவள் போல நடிப்பதைவிட, பயத்தோடு நடப்பதைப் பார்ப்பதே பிள்ளைக்கு நல்ல பாடம்.

விவேகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் உயரத்தில் வைப்பது விவேகம். வைத்த பிறகும் இரவெல்லாம் எழுந்து பார்ப்பதுதான் பயம்.

தகப்பனார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை: “உன்னால்தான் பிள்ளை இப்படி ஆனான்” என்று குத்திக் காட்டாதீர்கள். அதனால் ஒரு பயமும் குறையாது. வைத்தியரிடம் போகத் துணைக்கு வாருங்கள். பிள்ளையின் படிப்பும் தூக்கமும் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அங்கே பிள்ளையின் பயத்தைச் சொல்லும்போது, உங்கள் பயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பயந்த தாய் தைரியம் சொல்லலாமா என்று கேட்டோம். சொல்லலாம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் ஓர் அடி எடுத்து வைத்துச் சொல்லலாம்.