இல்லறத்தில் எழும் சிறு சினம்

பெருங்குற்றங்களைப் பற்றிப் பேசுதல் எளிது. கொலை, களவு, பிறன்மனை விழைதல், பொய், கள் ஆகிய ஐந்தையும் விலக்குவதாக நாம் பூரணைதோறும் வாய்விட்டு உறுதி கூறுகிறோம். நம்மில் பெரும்பாலோர் அவற்றுள் முதலிரண்டைக் குறித்து அஞ்ச வேண்டிய நிலையிலும் இல்லை. ஆனால், உலையிலிட்ட அரிசி பற்றாதென்று தெரிந்த வேளையில் முன்னறிவிப்பின்றி உறவினர் நால்வர் வந்து அமர்ந்தால், மின்சாரக் கட்டணமும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஒரே மாலையில் வந்து சேர்ந்தால், நம் நாவிலிருந்து புறப்படும் சொல் எந்தச் சீலத்தின்கீழ் அடங்கும்? அது பொய்யன்று, பெரும்பாலும் உண்மையே. எவரையும் கொல்வதுமில்லை. எரிச்சல் என்றும் சிடுசிடுப்பு என்றும் வழங்கும் இதனை, களைப்பினால் ஏதோ சொல்லிவிட்டார் என்று வீட்டாரும் மறந்துவிடுகின்றனர், அல்லது மறந்ததுபோல் இருந்துவிடுகின்றனர். இச்சிறு சினம் மெய்யாகவே சிறியதுதானா, அதற்குப் பொறுப்பாளி யார் என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் வினா.

பொதுப்படப் பேசினால் இவ்வினா காற்றில் கரைந்துவிடும். ஆகவே நம்மவர் பலர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கவேலையை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காட்டுச் சீமையிலிருந்து நம் முன்னோர் திரள்திரளாகச் சென்று அங்குக் குடியேறினர். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி அவர்கள் தங்கம் எடுத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் லைன் வீடுகளிலேயே தங்கின. வேலை மட்டும் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூருக்குப் போய்விட்டது. அன்று தொட்டு ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் பங்காருப்பேட்டையிலும் விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பின்னர் இல்லம் திரும்புகின்றனர். நான்கு மணிக்குப் புறப்படுவோருக்குச் சோறு கட்டித் தர வேண்டுமாயின், வீட்டில் ஒருவர் மூன்று மணிக்கே எழவேண்டும். அவர் யாரென்று நாம் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய குடும்பத் தலைவர் ஒருவரின் ஒருநாட் பொழுதை எண்ணிப் பாருங்கள். ரயிற்பெட்டியில் நிற்க இடமின்றித் தோளோடு தோள் நசுங்குகிறார், பொறுத்துக்கொள்கிறார். பத்து நிமிடம் தாமதித்ததற்கு மேற்பார்வையாளர் பலர் முன்னிலையில் ஏசுகிறார், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார். மாலையில், கடன் பாக்கியுள்ள மளிகைக் கடைக்காரர் தெருவில் எதிர்ப்படுகிறார். அவரிடம் புன்னகையே பூக்கிறார். இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிற்குள் நுழைகிறார். குழம்பில் உப்புச் சற்று மிகுந்திருக்கிறது. அப்பொழுது எழும் குரல் அடுத்த லைனுக்கும் கேட்கிறது.

கோபத்திற்குக் கண்ணில்லை என்பர். நாம் கண்ட அளவில் அதற்கு மிகக் கூரிய கண் உண்டு. நாள் முழுதும் அது ஆளைத் தேர்ந்து வந்திருக்கிறது. வேலையைப் பறிக்கக்கூடியவரிடம் அது வாய்திறக்கவில்லை. கடனைத் திருப்பிக் கேட்கக்கூடியவரிடம் இளித்தது. திருப்பித் தாக்க இயலாதவரிடம் வந்து சேர்ந்த பின்னரே அவிழ்ந்தது. ஆதலால் 'என்னால் அடக்க முடியவில்லை' என்னும் சொல் முழு உண்மையாகாது. விடியற்காலை முதல் இரவு வரை பதினேழு மணி நேரம் அடக்கிக் காட்டியவர் அவரேயன்றோ?

இவ்வாறு சொல்வதனால் அவ்வுழைப்பாளியைக் கொடியவர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அச்சத்தினால் காத்த பொறுமை உடம்பை அரிக்கும் என்பதை அறிவோம். அவர் அடைந்த அவமதிப்பு மெய். அதற்கு அவர் காரணரல்லர். ஆயினும், மேலிருந்து தம் தலைமீது விழுந்த கல்லைக் கீழிருப்பவர் தலைமீது உருட்டிவிடுவதனால் கல்லின் பாரம் குறைவதில்லை. விழும் தலைதான் மாறுகிறது. மனைவி பிள்ளையை அதட்டுகிறாள். மூத்த பிள்ளை இளையதைக் கிள்ளுகிறது. பெங்களூரில் மேற்பார்வையாளர் ஏவிய சொல் இரவு பத்து மணிக்கு நான்கு வயதுக் குழந்தையிடம் வந்து முடிகிறது. குழந்தைக்கு அதை உருட்டிவிடக் கீழே ஆளில்லை. ஆதலால் அது அழுகிறது.

பகவன் புத்தர் மொழிந்த வேதேகிகை என்னும் இல்லத்தரசியின் கதை நம்மவர்க்குப் பழக்கமானதே. மஜ்ஜிம நிகாயத்தில் ரம்பத்தை உவமையாகக் கொண்ட சுத்தத்தில் அது வருகிறது. சாவத்தி நகரில் சாந்தமானவள் என்று பெயரெடுத்த அவள் வீட்டில் காளி என்றோர் அடிமைப் பெண் இருந்தாள். எசமானியின் சாந்தம் இயல்பானதா, அல்லது தன் வேலைத்திறத்தினால் விளைந்ததா என்று அறியக் காளி ஒருநாள் நேரங்கழித்து எழுந்தாள். எசமானி முகம் சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதித்தாள், கடுஞ்சொல் வந்தது. மூன்றாம் நாள் கதவின் தாழ்க்கோல் அவள் தலையைப் பிளந்தது. தீஞ்சொல் வந்து தீண்டாத வரையில் சாந்தராயிருப்பவரைச் சாந்தர் என்று கொள்ளற்க என்பதற்காகவே துறவியர்க்கு இக்கதை சொல்லப்பட்டது. நமக்கோ இதில் இன்னொன்றும் தென்படுகிறது. வேதேகிகையின் நற்பெயரை ஊரார் அவளுக்கே உரியதாகக் கருதினர். அதனை நாள்தோறும் விடியுமுன் எழுந்து ஈட்டித் தந்தவள் காளி. நம் தெருவில் அமைதியான மனிதர் என்று பெயரெடுத்தவர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டில் மூன்று மணிக்கு எழுகிறவர் யார் என்று பார்ப்பது நலம்.

இன்னொரு சுத்தமும் நம் இல்லங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதனைக் கையாளும் முறையில் நமக்கு உடன்பாடில்லை. இராசகிருகத்தில் அக்கோசக பாரத்துவாசன் என்னும் பிராமணன் பகவனை வாயில் வந்தபடி வைதான். உன் வீட்டிற்கு விருந்தினர் வருவதுண்டா, அவர்களுக்கு நீ படைத்ததை அவர்கள் ஏற்காவிடில் அது யாரைச் சேரும் என்று பகவன் வினவ, எனக்கே சேரும் என்றான் அவன். அங்ஙனமே உன் வசவை யாம் ஏற்றிலேம், அது உன்னுடையதே என்று விடை பகர்ந்தார். வெளியார் ஒருவர் வைதபோது நாம் நினைத்துக்கொள்ள இதனினும் சிறந்த மருந்தில்லை. ஆனால் கணவன் ஏசிய பின்னர் மனைவியிடம் இதைச் சொல்லி, நீ ஏற்காமலிருந்தால் போயிற்று என்று அறிவுரை கூறுவோரை நாம் கண்டிருக்கிறோம். வைதவனுக்கு உரைத்த உவமையை வையப்பட்டவளுக்கு விதியாக்குவது எவ்வகை நியாயம்? சுத்தத்தில் திருத்தப்பட்டவன் பாரத்துவாசன் அல்லவா? எட்டடி அறையில் ஒரே பாயில் உறங்க வேண்டியவர்க்கு ஏற்காமலிருக்கும் இடம் எங்கே உள்ளது? பொறுமை மிக உயர்ந்த அறம். எனினும் அதனை நாம் நமக்கு விதித்துக்கொள்ளலாமேயன்றி, நம்மால் துன்புற்றவர்க்கு விதித்தல் தகாது.

விருந்தினர் பேச்சு வந்ததனால் அதையும் சற்று விரிவாகவே நோக்குவோம். விருந்தோம்பல் தமிழரின் பெருமை என்று மேடைதோறும் கேட்கிறோம். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் திருமணத்திற்கும் துக்கத்திற்கும், சில வேளை பெங்களூரில் வேலை தேடுவதற்காகவும் உறவினர் வருகின்றனர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. வேலை தேடி வந்த மைத்துனர்க்கு அந்தக் கணக்குப் பொருந்துவதில்லை. வந்தவர் ஊர் திரும்பி, மாமா வீட்டில் ராஜ உபசாரம் என்கிறார். பெயர் மாமாவுக்கு, அந்த உபசாரத்தின் பாத்திரங்களைக் கழுவியவர் மாமி. 2019-இல் மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்நாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், வீட்டுவேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுகின்றனர். அவ்வாறு ஈடுபடுவோரே ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களில் 81 பேர். விருந்தினர் வந்த நாளில் இக்கணக்கு எப்பக்கம் கூடும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. அன்று அடுக்களையில் பாத்திரம் ஓசையுடன் வைக்கப்பட்டால், விருந்தினர் காதில் விழுமே என்று கணவர் பல்லைக் கடிக்கிறார். ஓசைக்குக் காரணம் அன்பின் குறைவன்று, ஆளின் குறைவு.

பணத்தின் நிலையும் இத்தகையதே. அறவழியில் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளை எவ்வாறு செலவிடுவது என்று பகவன் அனாதபிண்டிகருக்கு அங்குத்தர நிகாயத்தில் ஒரு வரிசை சொல்லியிருக்கிறார். முதலாவது, தானும் பெற்றோரும் மனைவி மக்களும் பணிசெய்வோரும் நண்பரும் இன்புறச் செய்தல். இரண்டாவது, தீ, வெள்ளம், கள்வர் முதலியவற்றால் வரும் இடர்க்குக் காப்பாகச் சேமித்தல். மூன்றாவதாகவே சுற்றத்தார், விருந்தினர், இறந்தோர், அரசு, தேவர் என்னும் ஐவர்க்குரிய பங்கு வருகிறது. அதன் பின்னரே துறவியர்க்குத் தானம். இதைக் கேட்டவர் கஞ்சரல்லர். ஜேதவனத்தை விலைகொடுத்து வாங்கிச் சங்கத்திற்கு அளித்த பெருவள்ளல். அவர்க்கே விருந்தும் தானமும் பிந்தி வைக்கப்பட்டனவென்றால், மாதச் சம்பளக்காரர் கடன் வாங்கி நூறு இலை போடுவதை எவ்வாறு அறமென்பது? பிள்ளையின் பால் செலவைக் குறைத்து ஊரார்க்குப் பிரியாணி இடுகிறவர் அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறார்.

கணக்குப் பார்த்தால் பாசம் வளருமா என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் பாராத வீட்டில் பாசம் வளர்ந்ததா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். காதணி விழாவையும் மஞ்சள் நீராட்டையும் நடத்தக் கடன் வாங்கிய குடும்பத்தில், அடுத்த ஈராண்டுக்கு எழும் பூசல்களில் பாதி அக்கடனின் வட்டியே. பொன் விளைந்த ஊரில், பெண்களின் கழுத்துப் பொன் அடகுக் கடைப் பெட்டியில் உறங்குகிறது. வாரந்தோறும் தவணை வசூலிக்கும் சிறுகடன் நிறுவனங்கள் பெண்கள் பெயரிலேயே கடன் தருகின்றன. பணம் குடும்பத்தின் பெயரால் செலவாகிறது, தவணை நாளன்று வாசலில் நிற்பவரிடம் முகங்கொடுப்பவள் அவள் ஒருத்தியே. வசூலிப்போரின் கொடுமை மிகுந்தமையால் 2025-இல் கருநாடக அரசு அதனைத் தடுக்க அவசரச் சட்டமே பிறப்பிக்க நேர்ந்தது. சட்டம் வாசலில் வந்து மிரட்டுபவரைத் தடுக்கலாம். அக்கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதைக் கணவனிடம் மனைவியும், மனைவியிடம் கணவனும் மறைப்பதைச் சட்டம் தடுக்காது.

இம்மறைப்பே சிறு சினத்தின் வேர்களுள் ஆழமானது என்று நாம் கருதுகிறோம். பணம் எங்கே போயிற்று என்னும் எளிய கேள்விக்குச் சீறல் விடையாக வருமானால், அங்கே சொல்லப்படாத கணக்கு ஒன்று உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நண்பனுக்குக் கைமாற்றாகக் கொடுத்து வராமற் போனது, ஏலச்சீட்டில் தள்ளுபடிக்கு எடுத்தது, மதுக்கடையில் விட்டது, தாய்வீட்டுக்கு அனுப்பியது, இவற்றுள் ஏதேனும் ஒன்று. இல்லறத்தார்க்குரிய நான்கு இன்பங்களுள் கடனின்மையை ஓர் இன்பமாகவும், குற்றமின்மையை அதனினும் உயர்ந்த இன்பமாகவும் பகவன் அதே அனாதபிண்டிகருக்கு எண்ணிச் சொன்னார். கடனை உடனே தீர்க்க நம்மில் பலர்க்கு இயலாது. அது கூலியையும் விலைவாசியையும் பொறுத்தது. கடனை மறைக்காமலிருத்தல் இயலும். அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. நாணத்தை விழுங்க வேண்டும், அவ்வளவே. வரவு செலவை ஒரு தாளில் எழுதி, வளர்ந்த பிள்ளைகளையும் உடன்வைத்து மாதம் ஒருமுறை படிக்கும் வீடுகள் நம்மிடையே சில உண்டு. அவ்வீடுகளில் சண்டையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அங்குச் சண்டை பணத்தைப் பற்றியே நடக்கிறது. உப்பைப் பற்றி நடப்பதில்லை.

விருந்தினரிடமும் இவ்வுண்மையைச் சொல்லலாம். இரு அறை வீட்டில் ஆறு பேர் உறங்கலாம், பத்துப் பேர் இயலாது, நாங்கள் உண்பதை நீங்களும் உண்ணுங்கள் என்று கூறினால் புண்படும் உறவு, கறிக்குழம்பினால் மட்டும் எத்துணைக் காலம் நிற்கும்? வந்தவரும் காய் நறுக்கலாம். நீர் பிடித்து வரலாம். வெசாக நாளில் விகாரைக்கு வரும் வெளியூர் உபாசகர்கள் பந்திக்குப் பின் இலையெடுத்து இடத்தைப் பெருக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். விகாரையில் இழிவாகாத வேலை அத்தை வீட்டில் எவ்வாறு இழிவாகும்?

இரவில் ரயில் தாமதமாகும் நாட்கள் பல. அந்நாட்களில் வீட்டார் உண்டு உறங்கிவிடலாம்; சோறும் குழம்பும் மூடியிருக்கும். வந்தவர் விளக்கைப் போட்டுக்கொண்டு தாமே எடுத்துண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பதனால் அவருடைய மதிப்பில் எவ்வளவு குறையும் என்பதை, மூன்று மணிக்கு எழவேண்டிய அந்த அம்மையாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.