மருட்கையும் பெருமிதமும்: ‘2.0’ எழுப்பும் ஓர் அறவினா

கண்ணை நிறைக்கும் கலை நெஞ்சையும் நிறைக்கும் எனக் கொள்ளலாமா? வல்லமை மிக்கவன் என்பதனாலேயே ஒருவன் வீரன் ஆவானா? இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாக, ஷங்கரின் இயக்கத்தில் 2018 நவம்பர் 29ஆம் நாள் வெளிவந்த ‘2.0’ இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும். அதன் காட்சிச் சிறப்பைப் பாராட்டிய பார்வையாளருள் ஒரு சாரார் மனக்குறையோடே அரங்கைவிட்டு வெளியேறினர். அக்குறை யாதென ஆய்தல் வேண்டும்.

படத்தின் சாதனையை முதலில் ஒப்புக்கொள்ளுதலே நேர்மையாகும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் ஒன்றாக மருட்கையை வகுத்து, அது தோன்றும் களங்கள் நான்கு என்பர். முன் காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று பிறிதொன்றாய்த் திரிவது என அவற்றை விளக்கலாம். இந்நான்கும் இப்படத்தில் குறைவின்றி உள. கைத்தொலைபேசிகள் ஆயிரக்கணக்கில் ஊர்ந்து திரண்டு வானளாவிய பறவையாகின்றன. விரலளவான இயந்திரங்கள் படையெனப் புறப்படுகின்றன. இந்தியத் திரைக்கலையின் தொழில்நுட்ப ஆற்றலுக்கு இவை சான்று பகர்வன.

ஆயின் மருட்கை மெய்ப்பாடு எட்டினுள் ஒன்றேயன்றி எட்டும் அன்று. ‘எந்திரன்’ வியப்பை வினாவாக மாற்றியது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைச் சிட்டி என்னும் இயந்திர மனிதன் ஆடையற்ற நிலையிலேயே தூக்கி வருகிறான். பலர் முன் நின்ற வெட்கம் தாங்காது ஓடிய அவள் வாகனத்தில் மோதுண்டு இறக்கிறாள். உயிரைக் காத்தவனுக்கு மானம் யாதெனத் தெரியவில்லை. ஆற்றல் வேறு, அறிதல் வேறு என்னும் உண்மை அக்காட்சியில் உறைக்கிறது. பின்னர் அழிவுக்குரிய சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டு அவன் கொடியவன் ஆனமையும், நீதிமன்ற ஆணைக்கமைய ஈற்றில் தன்னைத் தானே கழற்றிக்கொண்டமையும் அவ்வுண்மையின் வளர்ச்சியே.

‘2.0’ இல் நேர்ந்தது யாது? பறவைகளின் அழிவு கண்டு நொந்து, அரசையும் நிறுவனங்களையும் நீதிமன்றத்தையும் நாடிப் பயனின்றித் தொலைபேசிக் கோபுரத்திலேயே தூக்கிட்டு மாய்கிறார் முதியவரான பட்சிராஜன். படத்தில் நெஞ்சைத் தொடும் பகுதி இதுவே. பின்னர் அவர் கொலைகள் புரியும் சக்தியாகத் திரும்புகிறார். அக்கொலைகளைத் தடுத்தல் கடமையே. ஆனால் தடுக்கும் முறை யாது? முற்படத்தில் பேரழிவுக்குக் காரணமான அதே சிவப்புச் சில்லு இப்போது வெற்றிக்குரிய கருவியாகிறது. இதன் அறம் எவராலும் வினவப்படுவதில்லை. உச்சக்கட்டத்தில் சிற்றியந்திரங்கள் புறாக்கள் மீதேறி வந்து, அப்பறவைகளின் உயிரைப் பணயமாகக் காட்டிப் பட்சிராஜனைப் பணிய வைக்கின்றன. எதிரியிடம் எஞ்சியிருந்த நற்பண்பே அவனை வீழ்த்தும் கண்ணியாகிறது. புறாவொன்றுக்காகத் தன் தசையையே அரிந்தளித்த சிபியைச் சோழர்குல முன்னோனாகப் போற்றும் இலக்கிய மரபில் வந்த பார்வையாளன் இங்கே கைதட்டத் தயங்குவதில் வியப்பில்லை. பட்சிராஜனின் கூற்றிலும் உண்மை உண்டென ஈற்றில் விஞ்ஞானி வசீகரன் ஏற்கிறார். எனினும் பெரும் போருக்குப் பின் வரும் அச்சில சொற்கள் நீதியாகா.

பொழுதுபோக்குப் படத்திடம் அறம் கேட்பது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக் களைத்த தொழிலாளிக்கு இரண்டரை மணிநேர வியப்பும் ஒரு பேறே. அதனை இழித்துரைத்தல் படித்தோரின் செருக்காகும். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் வினாவை எழுப்பியது பார்வையாளன் அல்லன், படமே என்பது நோக்கத்தக்கது. துயரொன்றைக் காட்டிக் கண்ணீர் பெற்றபின், விடை கூறாது வாணவேடிக்கையால் அதனை மறைப்பதே குறை. தொழிலாளியும் சிந்திப்பவனே, அவனுக்கு வியப்பு மட்டும் போதும் என்பதே மெய்யான இழிவாகும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளை நினைவிற்கொண்டு நோக்கின் இக்குறை மேலும் தெளிவாகும். கைத்தொலைபேசி அலைகளே பறவைகளை அழிக்கின்றன என்பது அறிவியல் நிறுவிய முடிபன்று. வாழிட அழிவோ ஐயத்துக்கு இடமற்ற காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றி அப்பயிர் அழிந்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. இலாபம் பிறருக்காக, கோடரி பிடித்த கை தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கூலியாளுடையதாயிற்று. இன்று அவன் வழித்தோன்றல்களின் லயன்களில் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் உறவுகளை வீட்டோடு பிணைக்கும் இழை அது. கொள்ளைநோய்க் காலமான 2020, 2021ஆம் ஆண்டுகளில் அலைத்தொடர்பு தேடி மேட்டுநிலங்களில் ஏறிய மாணவர்க்குக் கோபுரம் பள்ளிக்கூட வாயிலாகவே இருந்தது. பறவையும் வாழல் வேண்டும், தொலைபேசியும் வேண்டும். இவ்விரு நியாயங்களையும் எதிர்நிறுத்தி ஆராய்ந்திருப்பின் படம் உயர்ந்திருக்கும். தீமையை ஒரு கருவியில் ஏற்றியமையால், அதன் பின்னுள்ள பொருளாசையும் சமூக அமைப்பும் பார்வைக்கு மறைந்துவிட்டன.

பெருமிதம் என்னும் வீரத்துக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. உடல்வலிமை தனியே அப்பட்டியலில் இல்லை. சிதைத்தாலும் மீண்டும் பொருத்தத்தக்க இயந்திரத்துக்கு இழப்பதற்கு யாதுமில்லை. இழப்பில்லாத இடத்தில் அஞ்சாமைக்குப் பொருளில்லை. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனுக்கும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி காக்கும் போராட்டத்தில் வீழ்ந்த சிவனு லெட்சுமணனுக்கும் மாற்று உடல் இருக்கவில்லை. அவர்களின் வீரம் அதனாலேயே வீரமாயிற்று.

வானிலிருந்து இறங்கி வரும் மீட்பனை வியந்து காத்திருத்தல் எளிது. தன்னருகே நிற்பவனின் துயருக்கு விடை தேடுதல் அரிது. கலை முன்னதனை ஊட்டலாம்; ஆயின் பின்னதனை மறக்கச் செய்யும்போது கண் நிறைந்தும் நெஞ்சு வெறுமையாகிறது. ‘2.0’ கண்ட சிலரின் ஏமாற்றம் இரசனைக் குறைவால் எழுந்ததன்று. அறவுணர்வு விழித்திருந்தமையால் எழுந்ததாகும்.