மலையடிவாரத்தில் நின்ற தகப்பன்



ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஆண்டவருடைய மறுரூபத் திருநாள். தாபோர் மலைமேல் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரும் கண்ட மகிமையைப் பற்றி வருஷந்தோறும் கேட்டிருக்கிறீர்கள். இம்முறை நாம் மலை ஏற வேண்டாம். அடிவாரத்திலேயே சற்று நிற்போம். அங்கே ஒரு தகப்பன் நிற்கிறான்.

அர்ச். மாற்கு தமது சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். வியாதிக்காரனான தன் மகனை அவன் கூட்டிக்கொண்டு வந்தான். ஆண்டவர் மலைமேல் இருந்தபடியால், கீழே இருந்த சீஷர்களிடம் காட்டினான். அவர்களால் ஒன்றும் ஆகவில்லை. உடனே அவர்களுக்கும் வேதபாரகருக்கும் தர்க்கம் மூண்டது. படித்தவர்கள் ஒருபுறம் வாதாட, வியாதிக்காரப் பிள்ளை மறுபுறம் கிடந்தான்! அந்தத் தகப்பன் என்ன செய்தான்? "பெரியவர்களே கைவிரித்துவிட்டார்கள், இது நம் தலைவிதி" என்று வீட்டுக்குத் திரும்பினானா? இல்லை. ஆண்டவர் இறங்கி வருமட்டும் அங்கேயே நின்றான். வந்ததும் எல்லாருக்கும் முன்பாக, உம்முடைய சீஷர்களிடம் காட்டினேன், அவர்களால் முடியவில்லை என்று முறையிட்டான். அது மரியாதைக் குறைவு என்று ஆண்டவர் அவனைக் கண்டிக்கவில்லை.

2001-ம் வருஷம் அதே ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு வாசல் மூடினபின் அடுத்த வாசல் எதுவென்று தெரியாமல் போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! தன் மகன் அடிக்கடி நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று சுவிசேஷத்துத் தகப்பன் சொன்னதை, இந்தத் திருநாளில் ஏர்வாடியை நினையாமல் எனக்கு வாசிக்க முடிவதில்லை.

ஏர்வாடிமட்டும் போவானேன்? நம் அயனம்பாக்கத்திலேயே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலேஜில் படிக்கிற பெண். பத்து நாளாய்த் தூக்கமில்லை, சாப்பாடில்லை. நேற்று இரவு தாயிடம், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்றாள். தாய் பதறிப்போய், மாலையில் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போகிறாள். டாக்டர் தலை நிமிராமல் கேட்கிறார். "பரீட்சை பயம், வயசுக் கோளாறு. ஒரு கல்யாணத்தைப் பண்ணிவையுங்கள்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அல்லது, "இது போலீஸ் கேஸாகும், வேறெங்காவது பாருங்கள்" என்கிறார். இரண்டே நிமிஷம். வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டாகிறது.

அந்தத் தாய் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாளே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வைத்தியனைச் சங்கை செய்யும்படி சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. நானும் அதையே சொல்லுகிறேன். பொறுமையுள்ள நல்ல டாக்டர்கள் நம் பக்கத்தில் அநேகர். ஆனால் அவசரத்தில் ஒருவர் சொன்ன வார்த்தை சர்வேசுரனுடைய தீர்ப்பு அல்ல. ஆண்டவர் தாமே தெரிந்துகொண்ட சீஷர்களுக்கே அன்றைக்கு முடியாமல் போயிற்று.

ஆண்டவர் அந்தப் பிள்ளையைக் கண்டதும் கேட்ட கேள்வியைக் கவனித்தீர்களா? எவ்வளவு காலமாய் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எல்லாம் அறிந்தவர், கேட்டார்! தகப்பனும் ஒளிக்காமல், சிறுவயது முதல் என்று தொடங்கி, உயிருக்கு ஆபத்து என்பதுவரை சொன்னான். நாமோ அந்த இடத்தில்தான் வெட்கப்படுகிறோம். "தூக்கம் சரியில்லை டாக்டர்" என்கிறோமே தவிர, "சாக வேண்டும் என்கிறாள்" என்ற வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதைச் சொல்லுங்கள். எந்த நாள் முதல் தூக்கமில்லை, என்ன பேசினாள், என்ன செய்தாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தனியே போகாமல் ஒரு துணையைக் கூட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் தட்டிக்கழித்தால், "இன்றிரவு இவளை யார் பார்ப்பது? எங்கே போக வேண்டும்? சீட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு நில்லுங்கள். அதுவரைக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து வகைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்தான வேளையில் பதிவுபெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம். மனோவைத்தியர்தான் வர வேண்டுமென்பதில்லை. உடல் வியாதிக்கு வருகிற ஆம்புலன்ஸ் மனோவியாதிக்கும் வர வேண்டும். நோயாளியைச் சங்கிலியிடுவதை அந்தச் சட்டம் தடுத்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. ஆகையால் போலீஸ் கேஸ் என்ற பயமுறுத்தலுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம்.

14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 2022-ம் வருஷம் தொடங்கின அரசாங்க மனநல உதவி டெலிபோன். இரவும் பகலும் பேசலாம், காசில்லை. உயிர் ஆபத்தென்றால் 108. பக்கத்து முகப்பேரில், தெருவில் அலைந்த மனோவியாதிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கப்பட்ட பானியன் நிறுவனம் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் 1794-ல் தோன்றிய அரசாங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றதும் சிரிக்கிறீர்களே! சினிமாக்காரர்கள் கற்றுக்கொடுத்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனை பேர் அந்த வாசலை மிதியாமலே இருந்துவிடுகிறார்கள் தெரியுமா?

சிலர் கேட்பார்கள்: "சாமி, இவ்வகைப் பிசாசு ஜெபத்தால்தான் போகும் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறதே? ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் போதாதா?" ஜெபியுங்கள். ஆனால் 1614-ல் வெளியான உரோமைச் சடங்குப் புத்தகமே, எதையும் சுலபமாய்ப் பிசாசு என்று நம்பிவிடாமல் வியாதியை வேறுபடுத்திப் பார்க்கும்படி குருவானவருக்குக் கட்டளையிட்டது. நானூறு வருஷத்துக்கு முன்பே திருச்சபைக்கு இருந்த நிதானம் நமக்கு வேண்டாமா? தவிரவும், அந்தத் தகப்பன் செய்த ஜெபம் எது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததும், முதல் இடத்தில் ஆகாதபோது போகாமல் நின்றதும், அரைகுறை விசுவாசத்தோடு கண்ணீர்விட்டுக் கதறினதும் எல்லாம் சேர்ந்ததே அவன் ஜெபம்.

வண்டி வைத்திருக்கிற நம் பங்கு வாலிபர்களுக்கும், கிழமைதோறும் வீடு சந்திக்கிற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட வீட்டார் உங்களைக் கூப்பிட்டால், காரணம் கேட்டு நேரம் போக்காமல் கூடப் போங்கள். டாக்டர் முன்னால் பக்கத்தில் உட்காருங்கள். தெருவில் அதைப் பேசாதீர்கள். கூப்பிட யாருமில்லாதவர்கள் பங்கு வீட்டு மணியை அடியுங்கள். இரவு இரண்டு மணியானாலும் அடியுங்கள்.